காதைக் குத்தும் கிட்டார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. ஆம்ப்பில் கிட்டார் சத்தம் காதைக் குத்துகிறது, இரண்டு ஸ்பீக்கரையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்பட்டுக் காசைக் கரியாக்காதே. குத்துவது வேறு, கரகரப்பது வேறு. கரகரத்தால் ஏதோ ஒன்று கிழிந்திருக்கிறது, உரசுகிறது, அல்லது விட்டுப்போயிருக்கிறது. குத்தல் அப்படியல்ல, ஸ்பீக்கர் நல்ல நிலையில் இருக்கும்போதே குத்தும்.

நம் காதுக்கு 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் மிகவும் உறைக்கும். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் அறிவிப்பு நாலு தெரு தள்ளியும் புரிகிறதே, அந்தக் குழாய் அடிச்சத்தத்தை விட்டுவிட்டு நடுவிலும் அதற்கு மேலும் உள்ள ஒலியைத்தான் பிடித்துத் தள்ளுகிறது. கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவும் இந்த இடத்தில் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே கிட்டார் எடுப்பாகக் கேட்க அது வேண்டும். அதனால் தூக்கலை ஒழிக்கப் பார்க்காதே. அதைத் தாங்க வேண்டிய அடிச்சத்தம் எங்கே போனது என்று பார்.

போன மாதம் ஒரு ஸ்பீக்கரின் வயர் விட்டுப்போய்ப் பற்றவைத்து வாங்கினேன் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, என் சந்தேகம் அங்கேதான். பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் ஒரு கோன் முன்னே தள்ளும் நேரத்தில் மற்றது பின்னே இழுக்கும். தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். மேலே உள்ளது மட்டும் மிஞ்சி, தகரம் மாதிரிக் கேட்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு ஸ்பீக்கரின் வயர்களையும் கழற்று. 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்புப் புள்ளி உள்ள முனையிலும் மைனஸை மறுமுனையிலும் ஒரு நொடி தொட்டு எடு. 'டப்' என்ற சத்தத்தோடு கோன் அசையும். டார்ச் அடித்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் போகிறது என்று நன்றாகத் தெரியும். இரண்டும் ஒரே பக்கம் போனால் ஸ்பீக்கர்கள் சரி. அடுத்து, ஆம்ப்பிலிருந்து வரும் வயரைப் பின்தொடர்ந்து, பிளஸ் இரண்டிலும் சிவப்புப் புள்ளிக்கே வருகிறதா என்று பார். ஒன்றில் மாறியிருந்தால் அங்கேதான் வியாதி. ஆம்ப்பின் உட்புறத்தை மட்டும் தொடாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்ஸரில் மின்சாரம் நிற்கும். வால்வு ஆம்ப்பாக இருந்தால் ஸ்பீக்கரை மாட்டாமல் ஆன் செய்யவே கூடாது.

வயர் சரியாக இருந்தால் அடுத்து பெட்டி இருக்கும் இடம். 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். உன் ஸ்பீக்கர் 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர். இப்படி அலையைவிடக் கோன் அகலமாக இருக்கும்போது அந்த ஒலி நாலாபக்கமும் பரவாமல் நேர்க்கோட்டில் போகும். தரையில் வைத்த ஆம்ப் உன் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. பக்கத்தில் நிற்கும் உனக்கு மந்தமாகக் கேட்க, ட்ரெபிளை ஏற்றுகிறாய். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்துகிறார். ஒரு ஸ்டூலில் ஏற்றி, காதுக்கு நேராகச் சற்றுச் சாய்த்து வை. எதிரே ஏழெட்டு அடி தள்ளி நின்றுகொண்டு ட்ரெபிளைத் திருப்பு. நீ பாதியாகக் குறைத்துவிடுவாய் என்றே நினைக்கிறேன். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெற்றுச் சுவர். எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். எதிர்ச் சுவரில் ஒரு கனத்த ஜமுக்காளத்தைத் தொங்கவிடு.

சர்ச்சிலும் கச்சேரி மேடையிலும் கிட்டார் எஃபெக்ட்ஸ் பிராசஸரை நேராக மிக்ஸரில் செருகுகிறாய். அங்கே குத்துவதற்குக் காரணம் வேறு. கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும். டிஸ்டார்ஷன் கேட்க இனிமையாக இருப்பதே அந்த அடக்கத்தால்தான். மேடை ஸ்பீக்கரில் ட்வீட்டர் இருப்பதால் டிஸ்டார்ஷனின் ரீங்காரம் முழுவதும் ஊசிபோல் வெளியே வந்துவிடும். பிராசஸரில் கிட்டார் ஸ்பீக்கரின் அடக்கத்தைப் போலவே செய்யும் 'கேபினட்' என்றொரு அமைப்பு இருக்கும், அதை ஆன் செய். வீட்டு ஆம்ப்பில் செருகும்போது ஆஃப் செய்துவிடு.

சாயங்காலம் மட்டும் குத்தினால் கரண்டைக் கவனி. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்பின் உச்ச சக்தி 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வழக்கமான வால்யூமிலேயே அலையின் முகடு வெட்டுப்பட்டுச் சத்தம் கடுமையாகும்.

இத்தனைக்கும் பிறகு கரகரப்பு இருந்தால்தான் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட வேண்டும். ஆம்ப்பை அணைத்துவிட்டு, இரண்டு கட்டை விரலாலும் கோனைச் சமமாக, மெல்ல உள்ளே அழுத்து. 'சர்ர்' என்று உரசினால் கோனோடு ஒட்டிய வாய்ஸ் காயில் போய்விட்டது. நடுமூடியும் விளிம்பும் பசை விட்டிருக்கின்றனவா என்றும் பார். கோன் கிழிந்த சத்தத்தை விரும்பியவர்களும் உண்டு. கிட்டார் கலைஞர் லிங்க் ரே பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டு 1958இல் 'ரம்பிள்' என்ற இசையை வாசித்தார். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் பிளேடால் கோனைக் கீறினார். உனக்கு அது வேண்டாம்.

காயில் போயிருந்தால் ரீகோன் செய்யக் கொடு, அதாவது கோனையும் காயிலையும் புதிதாக மாற்றச் சொல். 8 ஓம் காயில் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள். திரும்பி வந்ததும் மீட்டரை வைத்தால் 6, 7 ஓம் காட்ட வேண்டும். 3ஐ ஒட்டிக் காட்டினால் 4 ஓம் காயிலைப் போட்டிருக்கிறார்கள். ஆம்ப்பில் மாட்டாமல் திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
மாமா