விழுகிறது, தரையைத் தொடுவதில்லை

கேள்வி: எறிந்த கல் பரவளையப் பாதையில் போய்த் தரையில் விழும் என்று படித்தோம். செயற்கைக்கோள் மட்டும் ஏன் விழாமல் பூமியைச் சுற்றுகிறது? அவ்வளவு உயரத்தில் புவியீர்ப்பு கிடையாதா? விண்வெளி வீரர்கள் மிதப்பதும் அதனால்தானா?
– ப்ளஸ் ஒன் மாணவி, மன்னார்குடி

பதில்: புவியீர்ப்பு அங்கே தாராளமாக இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பின் வலிமை தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். அந்த ஈர்ப்பு இல்லையென்றால் நிலையம் சுற்றவே சுற்றாது, நேர்கோட்டில் எங்கோ போய்விடும். அது விழாமல் இல்லை, விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

காற்றே இல்லாத பூமியில், தரைக்குச் சற்று மேலே கிடையாக ஒரு குண்டைச் சுடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும், முதல் நொடியில் அது சுமார் 5 மீட்டர் விழும். வேகம் கூடினால் அந்த நொடியில் கடக்கும் தூரம்தான் கூடும். பூமியோ உருண்டை. 8 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதன் பரப்பும் ஏறத்தாழ 5 மீட்டர் கீழே வளைந்துவிடுகிறது. ஆகவே நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் போகும் குண்டு எவ்வளவு விழுகிறதோ, தரையும் அவ்வளவு தாழ்ந்துகொண்டே போகிறது. நியூட்டன் உயரமான மலையுச்சியில் பீரங்கியை வைத்து யோசித்தது இதைத்தான். அந்தப் படம் அவர் இறந்த மறு ஆண்டு, 1728இல், அச்சான நூலில் இருக்கிறது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததோ 1957இல்!

இப்போது உங்கள் பரவளையத்துக்கு வருவோம். இயந்திரவியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பாடக்கணக்கில் தரை தட்டை, ஈர்ப்பு எங்கும் ஒரே திசை என்று வைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஈர்ப்பு பூமியின் மையத்தை நோக்கி இழுக்கிறது. காற்றுத்தடையை விட்டுவிட்டால், நீங்கள் எறியும் கல்லும் பூமியின் மையத்தைக் குவியமாகக் கொண்ட ஒரு நீள்வட்டத்தில்தான் போகிறது. அதை முடிக்கவிடாமல் தரை குறுக்கே வந்துவிடுகிறது. நம் கண்ணில் படுவது அந்த நீள்வட்டத்தின் நுனி மட்டும். சில மீட்டர் தூரத்துக்கு நுனியையும் பரவளையத்தையும் பிரித்தறிய முடியாது என்பதால் பாடத்தில் பிழை இல்லை. கல்லும் செயற்கைக்கோளும் ஒரே இயக்கம், வேறுபாடு பக்கவாட்டு வேகத்தில்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். நீள்வட்டம் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வரும். தரையிலிருந்து மேல்நோக்கிச் சுட்ட குண்டு, பூமியைவிட்டே தப்பும் அளவுக்கு வேகம் பெறாதவரை, மறுபடி தரையில்தான் மோதும். சுற்றுப்பாதை வேண்டுமென்றால் மேலே போனபின் பக்கவாட்டில் மறுபடி தள்ள வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட் செங்குத்தாக ஏறிய சிறிது நேரத்திலேயே சாயத் தொடங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். உயரே போவது பெருமளவு காற்றைத் தாண்டத்தான். எரிபொருளில் பெரும்பங்கு பக்கவாட்டு வேகத்துக்கே செலவாகிறது. காற்றின் மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் வேகம் குறைந்து பாதை தாழும். அக்டோபரில் ஏவிய ஸ்புட்னிக், 1958 ஜனவரியிலேயே கீழே இறங்கி எரிந்துபோனது.

மிதப்பதற்கும் இதே காரணம். நிலையமும் வீரரும் அவர் கைவிட்ட பேனாவும் ஒரே முடுக்கத்தில் சேர்ந்தே விழுகின்றன. தரை தாங்கும்போதுதான் நமக்கு எடை தெரியும். அங்கே எதுவும் எதையும் தாங்குவதில்லை.

நிலாவுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பூமியின் ஆரத்தைப்போல் சுமார் 60 மடங்கு தொலைவில் நிலா இருக்கிறது. தொலைவின் இருமடிக்கு ஏற்ப ஈர்ப்பு குறைவதால், கல் ஒரு நொடியில் விழும் 4.9 மீட்டரை 3,600ஆல் வகுக்க வேண்டும். நிலா நொடிக்குச் சுமார் 1.4 மில்லிமீட்டர் பூமியை நோக்கி விழுகிறது. அதன் சுற்றுக்காலத்தையும் தொலைவையும் வைத்துக் கணக்கிட்டாலும் இதே விடைதான் வரும்.