கேட்டறிந்து வழிகாட்டுதல்: புதிய ஆலோசனை ஊழியருக்கு ஒரு பாடம்



மிஷன் மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளிக்கு மருந்து மட்டும் போதுவதில்லை. வியாதியினால் வேலை போயிருக்கும். வீட்டில் வட்டிக் கடன் இருக்கும். அரசாங்கம் தரும் உதவிகளோ அவர் காதுக்கே எட்டியிராது. இப்படிப்பட்டவர்களை உட்காரவைத்துப் பேசி, அவர்களுக்குச் சேரவேண்டியதைப் பெற்றுத்தர ஆலோசனை ஊழியர்கள் தேவை. தமிழ்நாட்டில் இப்பணிக்குப் புதிதாக வருகிறவர்கள் கற்கவேண்டியவற்றைக் கீழே தருகிறோம். உங்கள் சபையின் பெண்கள் சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் இதை வைத்துப் படிக்கலாம்.

1. கேட்கும் முறை

நோயாளியை நிற்கவைத்துப் பேசக்கூடாது. பிறர் காதில் விழாத இடத்தில் நாற்காலி கொடுத்து, "ஐயா", "அம்மா" என்று அழைத்துப் பேசுங்கள். கூட வந்த மகனோ மருமகளோ பதில் சொன்னால், அதோடு முடித்துவிடாமல் நோயாளியிடமும் கேளுங்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மற்ற வியாதிகளிலும் இதே கவனம் வேண்டும்.

2. கேள்வி

தொழுநோயிலிருந்து குணமான ஒரு முதியவரை எண்ணிப்பாருங்கள். "பென்ஷன் வருகிறதா?" என்றால், "வருகிறது" என்பார். "கடைசியாக எந்த மாதம் பணம் கைக்கு வந்தது?" என்று கேட்டால்தான், விரல் ரேகை பதியாததால் பல மாதமாகப் பணம் எடுக்கமுடியவில்லை என்பது வெளிவரும். "ஆம்", "இல்லை" என்று முடியும் கேள்வியில், வெட்கப்படுகிறவர் எளிதாக ஒளிந்துகொள்வார். எப்போது, எவ்வளவு, யாரிடம் என்று கேளுங்கள். விரல் ரேகை பதியாதவருக்குக் கருவிழிப் பதிவின் மூலம் ஆதார் வழங்க விதி உண்டு என்பதையும் எடுத்துச்சொல்லுங்கள்.

3. தெரிந்திருக்கவேண்டிய உரிமைகள்

* மாற்றுத்திறனாளிகள்: 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 மட்டுமே இருந்தன. தொழுநோயிலிருந்து குணமானவர்களும் இதில் அடங்குவர். பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழ் வேண்டும்.
* காசநோய்: சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் அறிவிக்கப்பட்டது, 2024 நவம்பரில் அது 1,000 ஆயிற்று. பணம் வங்கிக் கணக்கில்தான் சேரும். ஆகவே பாஸ்புத்தகம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.
* முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: 2012இல் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் மட்டும் செல்லும். ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி பெறவேண்டும். பில் கட்டியபின் அட்டையைக் காட்டிப் பயனில்லை.
* இலவச சட்ட உதவி: 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றிப் பெறலாம்.

4. எழுதுதலும் தொடர்தலும்

எழுதியதை நோயாளிக்கு வாசித்துக்காட்டுங்கள். அசல் தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளாதிருங்கள், நகல் போதும். மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். "கட்டாயம் கிடைத்துவிடும்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதிருங்கள். முடிவு அதிகாரியின் கையில் இருக்கிறது. பொய்யான நம்பிக்கையினால் கடன் வாங்கியவர் முன்னிலும் துன்பப்படுவார்.

பயிற்சி

மூவராக உட்காருங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் ஊழியர், ஒருவர் கவனிப்பவர். பத்து நிமிடம் பேசியபின், கவனித்தவர் மூன்று காரியங்களைச் சொல்லட்டும்: யார் அதிகம் பேசினார்? எந்தக் கேள்விக்குப் புதிய செய்தி வந்தது? நோயாளி எழுந்து போகும்போது, அடுத்து எங்கே, எந்தத் தாளோடு போகவேண்டும் என்று அறிந்திருந்தாரா?

அன்பானவர்களே, ஒரு சான்றிதழுக்காக நோயாளி இரண்டு மூன்று முறை பஸ் ஏறவேண்டியிருக்கும். அதற்கான கூலியும் ஒருநாள் சம்பளமும் அவருக்குப் பெரிது. உங்கள் காணிக்கை அந்தப் பயணச் செலவைத் தாங்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியரோ, அலுவலகத்தில் வேலைபார்த்தவரோ உங்கள் சபையில் இருந்தால், வாரத்தில் ஒருநாள் அவர் கூடவே போய் வரலாம்.