செயற்கை முழங்கால் மூட்டும் கணிப்பொறி மாதிரியும்

முன்னுரை

முழங்காலைக் கதவின் கீலுக்கு ஒப்பிடுவது வழக்கம். அவ்வொப்புமை முழுமையானதன்று. மடங்கும்போதே சற்று உருளவும் வழுக்கவும் சுழலவும் செய்வது முழங்கால் மூட்டின் இயல்பு. குருத்தெலும்பு தேய்ந்து, வலி தாங்கவொண்ணாத நிலையில் மருத்துவர்கள் செயற்கை மூட்டைப் பொருத்துகின்றனர். அம்மூட்டு காவிரிப் படுகை மக்களின் வாழ்க்கைக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைக் கணிப்பொறி வழியே அறியும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாதிரி அமைக்கும் முறை

இன்று வழங்கும் முழுமூட்டின் அடிப்படை வடிவம் 1970களில் உருவானது. தொடையெலும்பின் முனையில் கோபால்ட்-குரோமியக் கலப்புலோகமும், கீழெலும்பின் தலையில் உலோகத் தட்டும், இவற்றின் நடுவே பாலிஎதிலீன் என்னும் நெகிழித் துண்டும் அமைகின்றன. காலப்போக்கில் பெரிதும் தேய்வது இந்நெகிழியே.

சி.டி. ஸ்கேன் தரும் அடுக்குப் படங்களைக் கொண்டு எலும்பின் முப்பரிமாண வடிவம் கணிப்பொறியில் அமைக்கப்படுகிறது. பெரிய வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து நீர் பாய்ச்சுவதுபோல, அவ்வடிவம் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூறும் தாங்கும் அழுத்தம் கணக்கிடப்படுகிறது. இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1960இல் இட்டவர் கிளஃப் என்னும் பொறியியல் அறிஞர். தமிழில் இதனை 'வரம்புறு கூறு முறை' எனலாம். சுமையும் வழுக்கும் தொலைவும் மிகுந்தால் தேய்மானமும் மிகும் என்பது 1953இல் ஆர்ச்சர்ட் வகுத்த விதி. இவ்விரண்டும் இணையும்போது, பல இலட்சம் அடிகள் நடந்த பின் நெகிழி எவ்விடத்தில் எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட இயலுகிறது.

எந்த அசைவு?

கணிப்பொறி தானாக எதையும் அறிவதில்லை. நாம் கொடுக்கும் அசைவையே அது கணக்கிடும். தேய்மானச் சோதனைக்குரிய ஐ.எஸ்.ஓ. 14243 என்னும் பன்னாட்டுத் தரம், சமதரை நடையை அடிப்படையாகக் கொண்டது. அதில் முழங்கால் ஏறத்தாழ 60 பாகையளவே மடங்குகிறது. தஞ்சை மண்ணிலோ சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கி அடுத்த அடி வைத்தலும், வழுக்கும் வரப்பில் நடத்தலும் அன்றாடச் செயல்கள். குந்துதல், மண்டியிடுதல், சம்மணமிடுதல் எனத் தமிழ் தனித்தனிச் சொற்களால் குறிப்பவை கணிப்பொறிக்கும் தனித்தனிச் சுமைநிலைகளே. குந்தும்போது முழங்கால் 130 பாகைக்கு மேலும் மடங்கக்கூடும். தொழுகையின் இருப்பிலும் மடக்கம் மிகுதி. நடையை மட்டும் கணக்கிட்ட மாதிரி இவற்றைப் பற்றி ஒன்றும் கூறாது.

நம் நாட்டு முயற்சி

உடலுக்குள் பொருத்தும் மூட்டு வேறு. தொடைக்குக் கீழ் காலை இழந்தோர் வெளியே அணியும் முழங்கால் வேறு. பின்னதில் சென்னை ஐ.ஐ.டி. 2022இல் 'கதம்' என்னும் பல்லச்சு முழங்காலை வெளியிட்டது. பேருந்து, ஆட்டோ போன்ற நெருக்கமான இடங்களிலும் அமர ஏதுவாக அது 160 பாகை வரை மடங்கும். பயனாளரின் வாழ்விடத்தை முதலில் எண்ணி வடிவமைப்பதற்கு இது நல்ல சான்று.

முடிவுரை

2017இல் நடுவணரசு முழங்கால் உள்வைப்புகளுக்கு விலை வரம்பு விதித்தது. விலை குறைந்தால் மட்டும் போதாது. அறுவை மருத்துவத்திற்குப் பின் தரையில் அமர இயலாதவர், வீட்டுப் பந்தியிலும் வயற்பணியிலும் தம் இடத்தை இழக்கிறார். ஆகவே நம் மக்களின் அசைவுகளை அளந்து கணிப்பொறிக்கு அளித்தல் வேண்டும். அளப்பது பொறியாளர் கடன். எவற்றை அளக்க வேண்டும் என்று ஊர்வழக்கிலிருந்து எடுத்துரைப்பது தமிழ் பயில்வோர் கடன்.