தென்திசை நட்சத்திரமும் நம் விசுவாசமும்



இது தேவமாதாவின் வணக்கமாதம். ஜெபமாலை முடிந்தபின், இரவு 10 மணியளவில், கல்வராயன் மலை மேட்டில் நின்று தெற்கே நோக்குங்கள். தாழ்வான வானத்தில் சிலுவை வடிவாக நான்கு நட்சத்திரங்கள் தெரியும். அவற்றின் இடப்புறம் பிரகாசமான இரு நட்சத்திரங்கள் உண்டு. அவற்றுள் இடதுபுறத்தது ஆல்பா சென்டாரி.

வெறுங்கண்ணுக்கு அது ஒன்றே. 1689-ம் வருஷம் டிசம்பரில், நம் அதிமேற்றிராசனத் தலைப்பட்டணமாகிய புதுச்சேரியில், பிரெஞ்சு சேசுசபைக் குருவான ஜான் ரிஷோ சுவாமியார் வால் நட்சத்திரமொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது தூரதிருஷ்டிக் கண்ணாடியில் அந்த நட்சத்திரம் இரண்டாயிருக்கக் கண்டார்.

அதற்குச் சுமார் 80 வருஷங்களுக்கு முன், வானத்திலுள்ள யாவும் பூமியையே சுற்றுகின்றன என்று கற்றோரிற் பெரும்பாலோர் நம்பினர். 1610-ல் கலிலேயோ, வியாழனைச் சுற்றும் நான்கு சந்திரன்களைக் கண்டார். பழைய ஏடு சொன்னதென்று விட்டுவிடாமல், கண்ணால் கண்டு சோதித்தறியும் வழக்கம் அவர் போன்றோரால் வேரூன்றியது. 1633-ல் திருச்சபையின் விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. அன்றைய வேதசாஸ்திரிகள் தவறினார்கள் என்று 1992-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஒப்புக்கொண்டார்.

விஞ்ஞானம் படித்தால் பிள்ளை விசுவாசத்தை இழப்பானோ என்று அஞ்சும் பெற்றோரே! பூசை செய்த கரங்களே அன்று கண்ணாடியையும் பிடித்தன. சிருஷ்டியை உள்ளபடி அறிவது சிருஷ்டிகருக்கு விரோதமன்று. ஆகையால், பிள்ளை கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்லி, அவனோடு சேர்ந்து தேடுங்கள். பொய்யான விடைக்கு அஞ்சுங்கள், உண்மைக்கு அஞ்சவேண்டாம். எல்லா உண்மைக்கும் ஊற்று சர்வேசுரனே.