சவுலுக்கு என்ன வயது?

கேள்வி: வேதம் இறைவன் அருளியது என்றால் அதில் பிழை எப்படி நுழையும்? நுழைந்திருந்தால் மீதியை எப்படி நம்புவது?

பதில்: அருளியது யாராயினும், படியெடுத்தவர்கள் மனிதர்கள். எபிரேய வேதாகமத்தில் முதலாம் சாமுவேல் 13ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், சவுல் அரசனானபோது அவனுக்கு வயது ஒன்று என்கிறது! முந்தைய அதிகாரங்களிலோ அவன் நெடிய வாலிபன். ஏதோ ஓர் எண் விடுபட்டுவிட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மொழிபெயர்ப்புகள் சில முப்பது என்றும் சில நாற்பது என்றும் நிரப்புகின்றன. 1947இல் சாக்கடலோரம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளில் இன்னொரு சான்று. அதன் 40ஆம் அதிகாரத்தில் புல் உலர்வதும் பூ வாடுவதும் இருமுறை வரவேண்டும். முதலில் எழுதியவர் ஒருமுறையோடு நகர்ந்துவிட்டார், கண் தாவியிருக்கலாம். வேறொரு கை பின்னர் விடுபட்டதை வரிக்கு மேலும் ஓரத்திலும் நெருக்கி எழுதியிருக்கிறது. (கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அப்பகுதி இல்லாததால், குறுகிய வடிவமே பழையது என்போரும் உண்டு.)

ஒரு பிழை இருந்தால் எல்லாமே சந்தேகம்தான் என்பது அவசர முடிவு. 1008ஆம் ஆண்டின் எபிரேய வேதாகமப் பிரதியான லெனின்கிராட் சுவடியைவிட அந்தச் சுருள் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது. ஆனாலும் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. வேறுபாடுகளில் மிகுதி எழுத்துக்கூட்டல் சார்ந்தவை. கடவுள் எழுத்தரின் கையைத் தடுத்திருக்கக் கூடாதா என்றால், சுவடிகளின் சாட்சி அப்படி இல்லை. அவை காட்டுவது மனித உழைப்பை. சொற்களையும் எழுத்துகளையும் எண்ணிச் சரிபார்த்த மசோரெட்டிய எழுத்தர்கள் ஒரு வயது அரசனைக் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்? கிடைத்ததை அப்படியே விட்டார்கள். தோன்றிய எண்ணைப் போட்டு நிரப்பியிருந்தால், அங்கே பிழை இருந்ததே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.