ஒன்றரைக் கடல் மைலுக்கு எத்தனை நிமிடம்?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று அடுத்தடுத்து இரண்டு தீவுகள். 1967 முதல் இவற்றுக்கிடையே லோகன்ஏர் விமானம் பறக்கிறது. கால அட்டவணை போட்டுப் பறக்கும் விமானங்களில் உலகிலேயே மிகக் குறுகிய பயணம் இதுதான். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் நேரத்தையும் கையால் கணக்கிட்டுப் பழக இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது.

முதலில் வரைபடத்தில் இரண்டு ஓடுபாதைகளின் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டிகிரியின் அறுபதில் ஒரு பங்குக்கும் நிமிடம் என்றே பெயர். கடிகார நிமிடத்தோடு குழம்பாமலிருக்க, பஞ்சாங்கக்காரர்களைப் போல அதைக் 'கலை' என்போம். இரண்டும் வடக்கு 59 டிகிரி 21 கலையை ஒட்டியே இருக்கின்றன. மேற்கில் வெஸ்ட்ரே 2 டிகிரி 57 கலை, பாப்பா வெஸ்ட்ரே 2 டிகிரி 54 கலை. வித்தியாசம் மூன்றே கலை.

வடக்கு தெற்காக ஒரு கலை என்றால் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். கிழக்கு மேற்காகப் போகும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். ஆகவே அந்த இடத்தின் அட்சரேகைக் கோணத்துக்குக் கொசைன் பார்த்துப் பெருக்க வேண்டும். ராமேஸ்வரம் பக்கமென்றால் 0.99 வரும், விட்டுவிடலாம். ஆர்க்னியில் அது 0.51, பாதிக்குப் பாதி போய்விடும். மூன்று கலை ஒன்றரைக் கடல் மைலாகிறது, சுமார் 2.8 கிலோமீட்டர்.

அடுத்து வேகம். இங்கே ஓடுவது எட்டுப் பேர் உட்காரும் பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர். மணிக்கு 130 கடல் மைல் என்று வைத்து வகுத்தால் 42 நொடி. ஆனால் அட்டவணை 2 நிமிடம் என்கிறது. இதுவரையான சாதனையே 53 நொடிதான். மேலே ஏறுவதும் உடனே இறங்குவதும் காற்றுக்கேற்ப ஓடுபாதைக்குத் திரும்புவதும் வகுத்தலில் வராது. ஜெட் வேகத்தில் வகுத்து அரை மணி கூட்டிச் சொல்லும் கணிப்பான்களை இந்த மாதிரிப் பயணத்துக்கு நம்பவே வேண்டாம்.

காற்றையும் சேருங்கள். எதிர்க்காற்று 30 கடல் மைல் வேகத்தில் அடித்தால் 130 நூறாகிவிடும். இங்கே அதனால் கூடுவது பன்னிரண்டு நொடி. இருநூறு கடல் மைல் பயணமென்றால் கிட்டத்தட்ட அரை மணி நேரம் தள்ளிப்போகும்.

நேரில் போகிறவர்கள் முதலில் ஆர்க்னியின் முக்கிய ஊரான கிர்க்வாலிலிருந்து கிளம்ப வேண்டும். எல்லா விமானமும் இரண்டு தீவையும் தொடுவதில்லை. எந்தத் தீவில் முதலில் இறங்குகிறது என்பதும் மாறும். குறுக்குப் பயணம் உள்ள விமானத்தைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். காற்றும் மூடுபனியும் சேவையை நிறுத்திவிடும் ஊர் அது, திரும்பும் நாளை இறுக்கமாக வைக்காதீர்கள். விமானம் போகாவிட்டால் தீவுகளுக்கிடையே படகு உண்டு. அதில் ஏறக்குறைய 25 நிமிடம்.