குடியை விட்ட முதல் நான்கு நாட்கள்

தபசு காலம் தொடங்கும்போது எமது பங்குகளில் குடியை விடுவதாகத் தீர்மானம் எடுப்போர் பலர். விபூதிப் புதனுக்கு முதல்நாள் இரவோடு போத்தலை ஒதுக்கிவிடுகிறார்கள். வெள்ளி, சனிக்குள் சில வீடுகளில் பெரும் அமளி. மனிதருக்கு வியர்த்துக் கொட்டுகிறது; கை நடுங்குகிறது; சுவரிலே பூச்சி ஊர்வதாகக் காட்டுகிறார்; இல்லாத ஆளோடு பேசுகிறார். பேய் என்கின்றனர் அயலவர். சாராயம் கேட்பதற்கு நடிப்பு என்கின்றனர் உறவினர்.

பேயுமல்ல, நடிப்புமல்ல. இது உயிராபத்தான ஒரு நோய்நிலை.

மது மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருள். வருடக்கணக்காக நாள்தோறும் குடிப்பவருடைய மூளை அதை எதிர்த்துக் கூடுதல் விசையோடு இயங்கப் பழகிவிடுகிறது. மது திடீரென நின்றால், பாரம் இழுத்துப் பழகிய மாடு வண்டி கழன்றதும் தலைதெறிக்க ஓடுவதுபோல் மூளை கட்டுக்கடங்காது போகிறது. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 12 மணித்தியாலத்தில் நடுக்கமும் வாந்தியும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள் காய்ச்சலும் பிதற்றலுமாகச் சன்னி காணலாம். சிகிச்சையின்றி விட்டால் இதில் இறப்போரும் உண்டு. வைத்தியசாலையில் உரிய மருந்தும், குடியரிடம் குறைந்துபோகும் விற்றமின் பி1-உம் கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். அறையில் பூட்டி வைப்பதும் கயிற்றால் கட்டுவதும் வைத்தியமல்ல.

குடிக்கும் எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. காலையில் கை நடுக்கத்தை அடக்க ஒரு மிடறு தேவைப்படுகிறவர், முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்புக் கண்டவர் ஆகியோரே கூடிய ஆபத்தில் இருப்பவர்கள். இவர்கள் வைத்தியரைக் காணுமுன் தாமாகவே சடுதியாக நிறுத்தக் கூடாது. தபசு காலத்தில் இப்படி எழுதுவது சிலருக்கு ஒவ்வாமல் இருக்கலாம்; ஆனால் நல்ல தீர்மானத்தோடு தொடங்கியவரைச் சவக்காலைக்குக் கொண்டுபோவது அதைவிடக் கொடிது.

மதுவினால் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 26 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. எமது நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடைசெய்கிறது. கசிப்புக்குச் சட்டமுமில்லை, அளவுமில்லை.

ஹெரோயின் கதை வேறு. அதை நிறுத்தும்போது உடல் உளைவும் வயிற்றோட்டமும் வாட்டினாலும், திடகாத்திரமானவர் அதனால் இறப்பது அரிது. ஆபத்துப் பின்னர்தான் வருகிறது. சில வாரம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த பிள்ளை மீண்டும் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். வீடு திரும்பிய முதல் வாரங்களில் பெற்றார் கூடுதல் விழிப்பாயிருக்க வேண்டியது இதனாலேயே.

டப்ளின் நகரக் கூலித் தொழிலாளி மற் ரல்பொற் சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானவர். 1884ஆம் ஆண்டு, 28ஆவது வயதில், குடிப்பதில்லை என்று அவர் கொடுத்த முதல் வாக்கு மூன்று மாதங்களுக்கு மட்டுமே. 1925இல் இறக்கும்வரை அவர் மீண்டும் குடிக்கவில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் விட விரும்பினால் வைத்தியரிடம் கூடவே செல்லுங்கள். நாளொன்றுக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் வெட்கப்பட்டுக் குறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை வைத்தியர் தீர்மானிப்பது அதைக் கொண்டே.